எலிக்குட்டிகள் பிறந்த சில நாள்களில் இறந்துபோகின்றனவா? காரணத்தைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துக் குட்டிகள் போட்ட எலியிடம் நான்காம் நாள் எண்ணும்போது ஆறுதான் இருக்கின்றன என்றால், புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். தாய் எலி குட்டிகளைத் தின்றுவிட்டது என்று முதலில் முடிவு கட்டுகிறார்கள். பிறகு பதற்றத்தில் தீவனம், படுக்கை, கூண்டு வைத்திருக்கும் இடம் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். முதல் காரியத்தால் உண்மையான காரணம் தேடப்படாமலே போகிறது. இரண்டாவதால், அடுத்த ஈற்று நன்றாக அமைந்தாலும் எந்த மாற்றம் பலன் தந்தது என்று தெரியாமல் போகிறது.

குட்டி எந்த நாளில் இறந்தது, இறந்தபோது அதன் வயிற்றில் பால் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தாலே பல காரணங்களை ஒதுக்கிவிடலாம். கீழே உள்ள வரிசை அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டில் செல்லமாக எலி வளர்ப்பவர்களுக்கு, அதிலும் நம் ஊர் வெயிலில் வளர்ப்பவர்களுக்கு, எழுதப்பட்டது இது.

1. ஈனுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று, ஒரு குறிப்பேடு, அறையின் வெப்பநிலை காட்டும் கருவி ஒன்று ஆகியவை கட்டாயம் வேண்டும். பிறந்த எலிக்குட்டி 5 முதல் 6 கிராம்தான் இருக்கும் என்பதால், சமையலறைத் தராசில் அதன் எடை சரியாகத் தெரியாது.

ஆணையும் பெண்ணையும் சேர்த்த தேதியையும் பிரித்த தேதியையும் எழுதி வைக்க வேண்டும். சினைக்காலம் 21 முதல் 23 நாள்கள் என்பதால், தேதி தெரிந்தால்தான் ஈனும் நாளைக் கணித்து முன்கூட்டியே தயாராக முடியும். தேதி தெரியாதவர்கள் பலர் ஈனும் நாளுக்கு முந்தைய மாலையில் கூண்டைக் கழுவித் துடைத்து, தாய் கட்டி வைத்த கூட்டையும் கலைத்துவிடுகிறார்கள்.

தாய்க்குத் தனியான, ஒரே தளமுள்ள, அடிப்பகுதி மூடிய தொட்டி தேவை. கம்பிக் கூண்டில் இரண்டு ஆபத்துகள் உள்ளன: கம்பி இடைவெளி வழியாகக் குட்டி வெளியே விழும், மேல் தளத்துக்குத் தாய் ஏறும்போது காம்பைக் கவ்வியபடி தொங்கும் குட்டி பாதி வழியில் விழுந்து, கூட்டுக்குத் திரும்ப முடியாமல் குளிர்ந்துபோகும். நான்கு பக்கமும் மேலேயும் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டியே முதல் இரண்டு வாரங்களுக்குப் போதும்.

சினையான 18 அல்லது 19ஆம் நாள் தொட்டியைச் சுத்தம் செய்து, தாயை அதில் விட்டு, கிழித்த வெள்ளைத் தாளையோ டிஷ்யூ தாளையோ தாராளமாகப் போட வேண்டும். அதன் பிறகு குட்டிகளுக்கு ஐந்து நாள் ஆகும்வரை முழுச் சுத்தம் கூடாது; சிறுநீர் தேங்கும் மூலையை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் தாள் போட்டால் போதும். கூட்டின் மணம் தாய்க்குத் தன் இடம் இது என்ற நிம்மதியைத் தருகிறது. அதை முழுவதும் அகற்றினால் தாய் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு புது இடம் தேடி அலையத் தொடங்கும்.

2. தினமும் இரு வேளை எண்ணுதல்

தாய் எலி, இறந்த குட்டியைக் கூட்டில் அழுக விடாது. தின்று அகற்றிவிடும். கூட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் இயல்பு அது. குட்டியைக் கொன்றதற்கு அது சாட்சியாகாது. ஆனால் இதனால் நமக்கு ஒரு சிக்கல் உண்டு: இறந்த குட்டி சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும், அதனோடு தடயமும் போய்விடும். எனவே காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும்.

எண்ணும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. தாய்க்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் காட்டி அதை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். மணமில்லாத சோப்பில் கை கழுவி, நன்றாக அலசி, கூட்டின் ஓரத்தில் உள்ள தாளைக் கைகளில் தேய்த்துக்கொண்ட பிறகே குட்டிகளைத் தொட வேண்டும். மனிதக் கை பட்டாலே தாய் குட்டிகளைக் கொன்றுவிடும் என்ற பேச்சு, நம்மிடம் பழகிய எலிகளுக்குப் பொருந்தாது. வளர்ப்பவரை அறியாத, பயந்து ஒதுங்கும் எலியாக இருந்தால் மட்டும் முதல் இரண்டு நாள் தொடாமல் பார்வையால் எண்ணலாம். ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் குட்டிகள் குளிர்ந்துவிடும்.

ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியே எடை போட முடியாதவர்கள், எல்லாவற்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்து எழுதலாம். நன்றாக வளரும் குட்டி ஏறத்தாழ ஆறாம் நாளில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ இறப்பு வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு உடனே காரணம் தேடத் தொடங்க வேண்டும். இறப்பு நேர்ந்த பிறகு தேடுவதைவிட இது எளிது.

3. இறந்த நாள் என்ன சொல்கிறது

பிறந்த 24 மணி நேரத்துக்குள் குட்டி இறந்தால், பிரசவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரசவம் பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தாய் நீண்ட நேரம் முக்கியும் குட்டி வராமல் போனாலோ, சிவந்த ரத்தம் நிற்காமல் வந்தாலோ அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. இறந்த குட்டியின் மேல் சவ்வு அப்படியே ஒட்டியிருந்தால் தாய் அதை நக்கிச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். களைத்துப் போன தாயிடமும் முதல் ஈற்றுத் தாயிடமும் இதைக் காணலாம்.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை நேரும் இறப்புகளைக் கண்டால், என் கணிப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாலைத்தான். பிறக்கும்போது இருந்த இருப்பில் குட்டி ஒரு நாள் தாங்கும். அதன் பிறகு பால் கிடைக்காவிட்டால் உடல் சூடும் குறைந்துவிடும். இந்த நாள்களில் இறப்பு நேர்ந்தால் வேறெதையும் தொடாமல் நேராக 4ஆம் பகுதிக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், நன்றாகக் கொழுத்திருந்த குட்டிகள் திடீரென வாடினால், தாயிடம்தான் ஏதோ மாறியிருக்கிறது. தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், தாய்க்கு மடிநோய் வந்திருக்கலாம், அறை வெப்பம் ஏறியிருக்கலாம், அல்லது தீவனத்தின் அளவு தாயின் தேவைக்கு ஈடுகொடுக்காமல் போயிருக்கலாம். இரண்டாம் வாரத்தில் தாயின் தீவனத் தேவை சாதாரண அளவைவிட இரண்டு மூன்று மடங்காக உயர்வதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான கிண்ணத்தில் வழக்கமான அளவையே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பதினொன்றாம் நாளுக்குப் பிறகு இறப்பது அரிது, அப்படி நேர்ந்தால் நோயையோ பரம்பரைக் குறையையோதான் நினைக்க வேண்டும். நெற்றியில் வெள்ளைக் கீற்றும் உடலில் மிகுதியான வெள்ளையும் உள்ள சில வம்சங்களில், பெருங்குடலுக்கு நரம்பு சரியாக அமையாமல், கழிவு வெளியேறாமல் தேங்கும் குறை உண்டு. இரண்டு மூன்று வார வயதில் வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிய மெலிந்து அக்குட்டிகள் இறக்கும். இதைத் தீவனத்தால் சரிசெய்ய முடியாது. அந்த இணையையும் அதன் உடன்பிறப்புகளையும் இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும்.

4. வயிற்றில் பால் தெரிகிறதா

குட்டியின் தோல் முதல் நான்கைந்து நாள்களுக்கு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. குட்டியை உள்ளங்கையில் மல்லாக்கக் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், அதன் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே மோர் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். அதுதான் பால் நிறைந்த இரைப்பை. நன்றாகக் குடித்த குட்டியில் அது வயிற்றின் குறுக்கே பட்டையாக நீண்டிருக்கும். அரைகுறையாகக் குடித்ததில் பாசிப்பயறு அளவு புள்ளியாகச் சுருங்கியிருக்கும். குடிக்காத குட்டியின் வயிறு சுருங்கி, தோல் சுருக்கம் விழுந்து, சதை மங்கிய சிவப்பாகத் தெரியும்.

இதை இறந்த குட்டியில் மட்டும் பார்ப்பது போதாது. உயிரோடு இருப்பவற்றிலும் எத்தனைக்குத் திட்டு உண்டு, எத்தனைக்கு இல்லை என்று எண்ண வேண்டும். எல்லாக் குட்டிகளுக்கும் இல்லையென்றால் குறை தாயிடம். ஒன்றிரண்டுக்கு மட்டும் இல்லையென்றால் குறை அந்தக் குட்டிகளிடமோ குட்டிகளின் எண்ணிக்கையிலோ இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்க்காமல் தாய்க்குப் பால் பெருக்கும் உணவு கொடுத்துக்கொண்டே இருப்பது வீண்வேலை.

தாய் இப்போதுதான் கூட்டுக்குத் திரும்பியிருந்தால் திட்டு சிறுத்துத் தெரிவது இயல்பு. எனவே ஒரு முறை பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

5. எல்லாக் குட்டிகளுக்கும் பால் இல்லையென்றால்

முதலில் தண்ணீர்ப் புட்டியின் குழாய் நுனியில் உள்ள உருண்டையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம், குழாயின் உருண்டை சிக்கிக்கொண்டிருப்பதை நிரம்பிய புட்டி காட்டிக்கொடுக்காது என்பதுதான். புட்டி நிறைந்தே இருக்கிறது என்று மனநிறைவு கொள்வார்கள். தாயோ ஒரு நாளாகத் தண்ணீர் குடித்திருக்காது. பாலூட்டும் காலத்தில் இரண்டு புட்டிகள் வைப்பதே பாதுகாப்பு. புட்டியில் தினமும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்தால், தாய் குடிக்கிறதா இல்லையா என்பது சந்தேகமின்றித் தெரியும்.

அடுத்து தாயின் காம்புகள். எலிக்கு 12 காம்புகள். அவற்றைச் சுற்றி முடி விலகி, குட்டிகள் கவ்விய அடையாளம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சிவந்து, சூடாக, கல்லாக இறுகியிருந்தால் அது மடிநோய். வலியால் தாய் குட்டிகளைத் தள்ளிவிடும். இதற்கு மருத்துவர் தரும் மருந்துதான் தீர்வு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலப்பது கூடாது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பால் வழியாகச் சென்று வளரும் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கக்கூடியவை.

மூன்றாவது தீவனம். சோறும் பிஸ்கட்டும் தின்று வளரும் எலி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் பால் ஊறாது. சினைக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தீவனத்தில் 18 முதல் 20 விழுக்காடு புரதம் தேவை. ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் எலித் தீவன உருண்டைகள் கிடைத்தால் அதையே அடிப்படை உணவாக வைப்பது நல்லது. கிடைக்காதவர்கள் கம்பு, கேழ்வரகு, கோதுமையோடு பொட்டுக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, தினமும் ஒரு சிறு துண்டு வேகவைத்த முட்டை, வாரம் இருமுறை எண்ணெயில் பொரிக்காத நெத்திலிக் கருவாடு சிறிதளவு உப்பைக் கழுவிவிட்டுத் தரலாம். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் ஒரு பருப்பைக்கூடத் தரக் கூடாது. அப்பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். கிண்ணம் இரவு முழுவதும் காலியாகாமல் இருக்க வேண்டும், ஏனெனில் எலி உண்பது பெரும்பாலும் இரவில்தான்.

நான்காவது, தாயின் வயதும் சுமையும். முதல் ஈற்றை நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் கொள்வது எளிது. எட்டு மாதத்துக்கு மேல் முதன்முதலாக ஈனும் எலிக்குப் பிரசவமே சிரமமாகும். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் எலி மறுபடி சினையாகும் தன்மை கொண்டது என்பதால், ஆண் எலி அதே கூண்டில் இருந்தால், தாய் ஒரே சமயத்தில் பாலூட்டவும் அடுத்த ஈற்றைச் சுமக்கவும் வேண்டியிருக்கும். ஆண் எலி பெரும்பாலும் தன் குட்டிகளைக் கடிப்பதில்லை என்பதால் அதை அகற்றத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அகற்ற வேண்டிய காரணம் கடி அல்ல. இந்த இரட்டைச் சுமைதான்.

6. சில குட்டிகளுக்கு மட்டும் பால் இல்லையென்றால்

14 குட்டிகள் பிறந்தால் 12 காம்புகள் போதாது. வலுவான குட்டிகள் முதலில் கவ்வ, இளைத்தவை ஓரத்தில் கிடக்கும். இத்தகைய ஈற்றில் குட்டிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தாயோடும் மறு பாதியைச் சூடான சிறு பெட்டியிலும் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றலாம். இளைத்தவை எல்லாம் ஒரே பாதியில் சேரும்படி பிரிப்பதுதான் இதன் சூட்சுமம். அளவு பார்க்காமல் கைக்கு வந்தபடி பிரித்தால், பழைய போட்டியே இரு பாதியிலும் தொடரும்.

இரண்டு தாய்கள் ஒரே கூண்டில் சில நாள் இடைவெளியில் ஈன்றிருந்தால், ஒரு வாரம் மூத்த குட்டிகள் புதிதாகப் பிறந்தவற்றின் பாலையும் குடித்துவிடும். இரண்டு தாய்களும் இணக்கமாக ஒரே கூட்டில் படுத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் பிஞ்சுகள் வெறும் வயிற்றோடு இறந்து கிடக்கும். ஈற்றுக்கு ஒரு தொட்டி என்பதே விதி.

மணமும் ஒரு காரணமாகலாம். பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது; காம்பை அது மணத்தால் மட்டுமே கண்டுபிடிக்கிறது. ஈனும்போது தாய் தன் உடலை நக்கும்போது காம்புகளில் படியும் பிரசவ நீரின் மணமும், பிறகு குட்டிகளின் எச்சில் மணமும்தான் அதற்கு வழிகாட்டி. காம்பைக் கழுவி அந்த மணத்தை அகற்றினால் குட்டிகள் கவ்வுவதில்லை என்பது ஆய்வகச் சோதனைகளிலேயே உறுதியானது. ஆகவே ஈன்ற தாயின் வயிற்றில் ரத்தக் கறை இருக்கிறதே என்று ஈரத் துணியால் துடைத்துவிடுவது, அக்கறையோடு செய்யப்படும் பெருந்தீங்கு.

7. பால் இருந்தும் இறந்தால்: குளிர், வெப்பம், ஈரம், எறும்பு

முடியில்லாத குட்டி தன் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது. ஒன்றோடொன்று குவிந்து கிடப்பதாலும் கூட்டின் சுவராலும் தாயின் வயிற்றுச் சூட்டாலும்தான் அது உயிர் வாழ்கிறது. கூடு தட்டையாக இருந்தால் மேலும் தாள் போட வேண்டும். கிண்ணம் போலக் குழிந்து, சுவர் எழுந்து நிற்கும் கூடுதான் சரியானது. தண்ணீர்ப் புட்டி கசிந்து கூட்டின் அடி ஈரமானால், மேலே தாள் உலர்ந்து தெரிந்தாலும் குட்டிகள் குளிரும். கூட்டின் அடியில் விரலை நுழைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். புட்டியைக் கூடு இல்லாத மூலைக்கு மாற்றிவிட வேண்டும்.

நம் ஊரில் குளிரைவிட வெப்பம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. குட்டிகளுக்குச் சூடு வேண்டும் என்று படித்துவிட்டு, சித்திரை வெயிலிலும் கூண்டின் மேல் துணி போர்த்தி வைப்பவர்கள் உண்டு. பாலூட்டும் தாயின் உடலே அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. குட்டிகளின் மேல் படுக்கப் படுக்க அதன் உடல் வெப்பம் உயர்ந்து, ஒரு கட்டத்தில் எழுந்து விலகிவிடும். அறை சூடாக இருந்தால் அந்தக் கட்டம் விரைவில் வரும், எனவே பாலூட்டும் நேரம் குறையும். தாய் கூட்டுக்கு வெளியே வயிற்றைத் தரையில் ஒட்டி நீட்டிப் படுத்திருந்தால், அது குட்டிகளை வெறுக்கிறது என்று எண்ணாமல் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இருவருக்கும் நல்லது. குளிரூட்டி இல்லாத வீட்டில், தொட்டியை மாடி அறையிலிருந்து கீழ் அறைத் தரைக்கு இறக்கி, தாய் மட்டும் போய்ப் படுக்கும் மூலையில் ஒரு தரை ஓடு வைத்தால் அது குளிர்ந்துகொள்ள இடமாகும். மின்விசிறிக் காற்று நேராகக் கூட்டின் மேல் படக் கூடாது.

எறும்பைப் பற்றி வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. இங்கே அது உயிர்க்கொல்லி. பாலின் மணத்துக்கும் தாய் சிந்திய முட்டைத் துண்டுக்கும் இரவில் கட்டெறும்போ சிற்றெறும்போ வரிசை கட்டினால், தப்பி ஓட முடியாத குட்டிகள் காலைக்குள் இறந்திருக்கும். உடலில் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் எறும்பைத் தேட வேண்டும். தொட்டியை ஒரு சிறு மேசையில் வைத்து, மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதே பாதுகாப்பான வழி. எறும்புச் சாக்பீஸும் மருந்துப் பொடியும் பூச்சிகொல்லிகள். குட்டிகள் இருக்கும் அறையில் அவை கூடவே கூடாது. கொசுவத்தி, நாப்தலின் உருண்டை, பினாயில் ஆகியவற்றுக்கும் இதே விதி.

படுக்கைப் பொருளும் இதில் சேரும். தச்சுப் பட்டறையில் வாங்கும் மரத்தூள் மெல்லிய தூசாக மூக்கை அடைக்கும்; அதில் பிளைவுட் தூள் கலந்திருந்தால் பசையின் ரசாயனமும் இருக்கும். பஞ்சும் நூல் பிரியும் துணியும் மென்மையாகத் தெரிந்தாலும், இழை குட்டியின் காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். வெறும் தாளே போதும்.

8. கடிபட்ட குட்டிகளைக் கண்டால்

உடலின் ஒரு பகுதி மட்டும் தின்னப்பட்ட குட்டி, முன்பே இறந்ததா உயிரோடு கடிபட்டதா என்பதை அந்தக் காயத்தைச் சுற்றிப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். உயிரோடு கடிபட்டால் காயத்தின் ஓரத்தில் ரத்தம் கட்டியிருக்கும். இறந்த பின் தின்றதில் ஓரம் வெளுத்திருக்கும்.

உயிரோடு கடிபட்டது உறுதியானால், கூண்டில் வேறு எலி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. குட்டிகளுக்குத் தந்தையல்லாத ஆண் எலி அவற்றைக் கொல்லக்கூடியது. தாய் மட்டுமே இருந்தால் சூழலைப் பார்க்க வேண்டும்: அருகில் தொலைக்காட்சி, சுற்றிவரும் பூனை, எட்டிப் பார்க்கும் குழந்தைகள், இரவில் எரியும் விளக்கு. முதல் ஈற்றுத் தாய் ஒன்று, ஒரே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை மாலை முழுவதும் நடந்துகொண்டிருக்கும். வைத்த இடத்திலிருந்து மறுபடி எடுக்கும். அந்தக் குட்டியின் முதுகுத் தோலில் பல் அழுத்திய கோடுகள் விழும். இது கொலைவெறி அல்ல. பாதுகாப்பான இடம் கிடைக்கவில்லை என்ற தவிப்பு. ஒரு பக்கம் மட்டும் வாசல் உள்ள அட்டைப் பெட்டியை உள்ளே வைத்து, தொட்டியின் மூன்று பக்கங்களை மறைத்து, ஒரு நாள் அந்த அறைக்கே யாரும் போகாமல் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

9. நோயை எப்போது சந்தேகிப்பது

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், ஒன்றுக்கு மேற்பட்ட தாய்களின் ஈற்றுகளில் ஒரே வாரத்தில் இறப்பு நேர்ந்தால் தொற்றுநோயை நினைக்க வேண்டும். பெரிய எலிகளுக்குக் கழுத்துக்கடியில் வீக்கம், கண் சிவப்பு, தும்மல் வந்திருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும் எலிக் கொரோனா நச்சுயிரியாக இருக்கலாம். அது காற்றிலும் நம் கைகளிலும் உடைகளிலும் பரவக்கூடியது. புது எலி எதையும் வாங்காமல், எதையும் விற்காமல், இனப்பெருக்கத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தால், நோய் கண்டு மீண்ட எலிகள் எதிர்ப்புச் சக்தி பெற்று, நச்சுயிரி தங்க இடமின்றி ஒழியும். இடையில் பிறக்கும் குட்டிகள்தான் அதற்குப் புதிய இருப்பிடம் ஆகின்றன என்பதே நிறுத்தச் சொல்வதன் காரணம்.

மூச்சுப்பாதையைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி மெதுவாக வேலை செய்யும். செல்ல எலிகள் பெரும்பாலானவற்றில் அது தங்கியே இருக்கிறது. மூச்சில் கரகரப்பும், மூக்கைச் சுற்றிச் செந்நிறக் கசிவும் உள்ள பெண் எலிக்குக் கருப்பையிலும் அந்தத் தொற்று இருக்கலாம். ஈற்று சிறுத்து, குட்டிகள் வலுவின்றிப் பிறக்கும். சிறுநீரின் அமோனியா நெடி இதை மேலும் முற்றச் செய்யும். அப்படிப்பட்ட எலியை இனப்பெருக்கத்துக்குச் சேர்க்கவே கூடாது.

காரணம் பிடிபடாதபோது இறந்த குட்டியைச் சோதனைக்குக் கொடுப்பது நல்லது. பிளாஸ்டிக் உறையில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து சோதனைக்கு உதவாது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நேரத்தை மிச்சமாக்கும். வீட்டுக்குள் காட்டெலியோ சுண்டெலியோ நடமாட்டம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எலிக்காய்ச்சல் உள்ளிட்ட நோய்கள் அவற்றின் சிறுநீர் வழியே வருபவை; அவை வளர்ப்பவருக்கும் தொற்றக்கூடியவை.

10. உயிரோடிருக்கும் குட்டிகளைக் காப்பாற்றும் வரிசை

குளிர்ந்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த உடலில் செரிமானம் நடக்காது. ஊட்டிய பால் வயிற்றிலேயே தேங்கிக் கெடும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகச் சூடேற்றி, நிறம் இளஞ்சிவப்பாகி நெளியத் தொடங்கியதும் உடன்பிறப்புகளின் குவியலுக்கு நடுவே வைத்துவிட வேண்டும். வெந்நீர்ப் புட்டியை நேரடியாகத் தோலில் படவைத்தால் வெந்துவிடும்.

தாய்க்குப் பால் இல்லையென்றால், வேறொரு தாயிடம் தத்து விடுவதே மற்ற எல்லாவற்றையும்விட நல்ல வழி. இரண்டு ஈற்றுகளுக்கும் இடையே இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. வளர்ப்புத் தாயை வெளியே எடுத்து, வந்த குட்டிகளை அதன் சொந்தக் குட்டிகளோடு கலந்து, கூட்டுத் தாளால் மெல்லத் தேய்த்து, கால் மணி நேரம் அப்படியே விட்டு, மணம் ஒன்றான பிறகு தாயை உள்ளே விட வேண்டும். இதற்காகவே அனுபவமுள்ளவர்கள் இரண்டு பெண் எலிகளை ஒரே வாரத்தில் ஆணோடு சேர்க்கிறார்கள்.

கையால் பாலூட்டுவது கடைசி வழி. எலிப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரு மடங்குக்கும் அதிகம், சர்க்கரை குறைவு. எனவே பசும்பாலைத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது குட்டியைப் பட்டினி போட்டு வயிற்றுப்போக்கையும் வரவழைப்பதாகும். பூனைக்குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவைக் கரைத்து, மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியால், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். ஊட்டியதும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருட வேண்டும். தாய் நக்கிவிடாமல் பிஞ்சுக் குட்டியால் சிறுநீர் கழிக்க முடியாது. ஐந்து நாளுக்குக் குறைந்த குட்டிகள் இம்முறையில் பிழைப்பது அரிது என்பதை அறிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். மூக்கில் பால் குமிழி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். அது நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

11. அடுத்த ஈற்றுக்கு முன்

குறிப்பேட்டைத் திறந்து, இறப்பு நேர்ந்த நாள்களையும் பால் திட்டையும் எடையையும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்து, மிக அதிகமாகப் பொருந்தும் ஒரு காரணத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய வேண்டும். எறும்பு, கசியும் புட்டி, கொசுவத்தி போல எப்படியும் தீங்கானவற்றை உடனே அகற்றிவிடலாம். தீவனம், தொட்டி, படுக்கை ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

தாய்க்கு ஓய்வு தராமல் மறுபடி சேர்க்கக் கூடாது. குட்டிகள் தாயை விட்டுப் பிரிந்த பின் இரண்டு மாதமாவது கழிந்து, எடை பழைய நிலைக்கு வந்த பிறகே யோசிக்கலாம். நல்ல சூழலும் தீவனமும் இருந்தும் இரண்டு ஈற்றுகளில் தொடர்ந்து குட்டிகளை இழந்த தாயை மூன்றாம் முறை சேர்க்காமல், செல்லமாக மட்டும் வைத்துக்கொள்வதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. பிழைத்த குட்டிகளில் ஆண்களை ஐந்து வார வயதுக்குள் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே அவை இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடும். பிரித்த தேதியையும் அதே குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.